தட்டில் கவனம் வைத்தால் குப்பை குறையுமா? 'மைண்ட்ஃபுல் ஈட்டிங்' என்றால் என்ன?

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு இது. 'ஓட்டல், கல்யாண மண்டபம்தானே காரணம்?' என்று தோன்றலாம். ஆனால் இதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் இருந்து வந்தது. இந்தியாவில் வீடுகளில் மட்டும் ஒரு ஆள் ஆண்டுக்கு சராசரியாக 55 கிலோ வீணாக்குவதாக அந்த அறிக்கை மதிப்பிடுகிறது. தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாதவையும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

மைண்ட்ஃபுல் ஈட்டிங் என்றால்?

செய்யும் வேலையில் மட்டும் கவனம் வைப்பதுதான் 'மைண்ட்ஃபுல்னெஸ்'. பௌத்த தியானத்தில் வேர் கொண்ட இதை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979இல் மன அழுத்தத்துக்கான பயிற்சியாக மாற்றினார் ஜான் கபாட்-ஜின். மொத்தம் 8 வாரம். அதில் பிரபலமானது, ஒரே ஒரு உலர் திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடும் பயிற்சி.

உடலுக்கு என்ன லாபம்?

வயிறு நிறைந்த தகவல் மூளைக்கு முழுசாகப் போய்ச் சேர சுமார் 20 நிமிடம் ஆகும். டிவியோ செல்போனோ பார்த்துக்கொண்டே வேகமாகச் சாப்பிட்டால், 'போதும்'னு தோன்றுவதற்குள் கூடுதலாக உள்ளே போய்விடும்.

இதில் நம்ம வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. போதும் என்று நிறுத்தினால் தட்டில் மிச்சமாகும். மிச்சம் வைக்கக் கூடாது என்று சாப்பிட்டால் வயிற்றுக்குக் கேடு. 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்று அன்பாக வைக்கும் கரண்டிக்கும் இதில் பங்கு உண்டு. முதலில் கம்மியாகப் போட்டு, பசித்தால் மறுபடி வாங்கிக்கொள்வதுதான் இரண்டுக்கும் ஒரே வழி.

கடைக்குப் போகும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பதும் இதே கவனம்தான். பின் வரிசையில் வாடும் கீரையும், மூன்று நாள் பழைய சாம்பாரும் அப்போதுதான் கண்ணில் படும்.

சுற்றுச்சூழலுக்கு என்ன சம்பந்தம்?

குப்பைமேட்டில் காற்று புகாமல் அழுகும் உணவில் இருந்து மீத்தேன் வருகிறது. 20 ஆண்டு கணக்கில் பார்த்தால், இது கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். சென்னை பெருங்குடி குப்பைக்கிடங்கில் 2022 ஏப்ரலில் பற்றிய தீயை அணைக்க சில நாட்கள் ஆனது.

தியானம் செய்தாலே போதுமா?

போதாது. நுகர்வுப் பழக்கத்தை மைண்ட்ஃபுல்னெஸ் மாற்றுமா என்று ஜெர்மனியில் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பயிற்சி எடுத்தவர்களின் மனநலம் மேம்பட்டது, ஆனால் வாங்கும் பழக்கம் பெரிதாக மாறவில்லை. உடல் எடை விஷயத்திலும் முடிவுகள் கலவையாகவே உள்ளன. கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பிரச்னைக்கு உதவுவதாக ஓரளவு ஆதாரம் இருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாட்டு அளவைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து அளவு மாறாமல் சாப்பாடு மட்டும் குறைந்தால், ரத்த சர்க்கரை சட்டென இறங்கிவிடலாம்.