பிறநாட்டுத் தொழிற்பயிற்சியும் மீட்சிக் கடப்பாடும்

நூலிற் கற்கும் கல்வி வேறு. தொழிலகத்திற் பெறும் பயிற்சி வேறு. நூல் தானே கடல் கடந்து செல்லும். பயிற்சியோ, அதனைப் பெற்றவர் சென்று மீண்டாலன்றி ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்துக்குப் பெயர்வதில்லை. வணிக நிலையமொன்றின் கணக்கு முறை, ஆலையொன்றிற் பணிகளைப் பகுத்து ஒழுங்கு செய்யும் முகாமை, விருந்தினரை ஏற்றுப் பேணும் விடுதியொன்றின் நடைமுறை என்பன யாவும் அருகிருந்து கண்டும், கைப்படச் செய்தும் அறியப்படுவன. ஆதலினாலேயே, பிறநாட்டார் தம் தொழிலகங்களுட் புகுந்து பயிலுதற்கு அரசுகள் சில காலங்களில் வாயிலை அடைத்தும், சில காலங்களில் திறந்தும் வந்துள்ளன. ஐக்கிய அமெரிக்கா அவ்வாயிலைத் திறந்தபோது, கற்றவர் தம் நாட்டுக்கு மீளவேண்டும் என்ற நிபந்தனையையும் உடன் விதித்தது. அந்நிபந்தனை யாருடைய நன்மை கருதி எழுந்தது, காலப்போக்கில் எவ்வாறு தளர்ந்தது, பயிற்சி என்னும் பெயர் எவ்வெவற்றுக்குப் பயன்படலாயிற்று என்பன ஆராயத்தக்கவை. வாணிகமும் முகாமையும் பயிலப் பிறநாடு செல்லும் இளைஞர் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வாராய்ச்சி பயனுடையதாகும்.

கைவினையைக் காத்த காலம்

தொழில் பயிலும் பொருட்டுப் பிறநாடு சென்றோருள் மிகவும் புகழ் வாய்ந்தவர் இரசியப் பேரரசராகிய முதலாம் பீற்றர் ஆவர். 1697 ஆம் ஆண்டில் அவர் தம் பெருந்தூதுக் குழுவுடன் ஒல்லாந்து சென்று, முதலிற் சாண்டாம் என்னும் ஊரிலும், பின்னர் அம்ஸ்ரடாமில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பற்றுறையிலும் தச்சருள் ஒருவராய் நின்று வேலை பழகினார். பயிற்சி முடிவில் தலைமைத் தச்சரிடம் சான்றிதழும் பெற்றார். அவர் மீண்டு சென்று இரசியக் கடற்படையை எழுப்பியமை வரலாறு கூறும் செய்தி.

இங்கிலாந்து இதற்கு மாறான நெறியைக் கைக்கொண்டது. 1719 ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டுக் கம்மியரைப் பிறநாட்டார் அழைத்துச் செல்லுதலைக் குற்றமாக்கிற்று. முன்னரே சென்றுவிட்டவர் எச்சரிக்கை பெற்ற ஆறு மாதங்களுள் மீளாராயின், தம் நிலத்தையும் பொருளையும் இழந்து அந்நியராகக் கொள்ளப்பட்டனர். எனினும், 1789 ஆம் ஆண்டில் சாமுவேல் சிலேற்றர் என்னும் இளைஞர், டாபிசயரிலுள்ள நூற்பாலையிற் பயிற்சிக் காலத்தை முடித்தபின், தம் தொழிலை மறைத்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வரைபடம் எதனையும் அவர் கொண்டு சென்றிலர். நினைவில் இருந்தவற்றைக் கொண்டே 1790 ஆம் ஆண்டில் உறோட் ஐலண்டு மாநிலத்தின் போற்றக்கற் என்னும் ஊரில் நீர்வலியால் இயங்கும் நூற்புப் பொறிகளை ஓடச் செய்தார். கம்மியர் பற்றிய தடைகளை இங்கிலாந்து 1824 ஆம் ஆண்டில் நீக்கியபோது, அவற்றாற் காக்கப்பட வேண்டிய இரகசியங்கள் பல ஏலவே கடல் கடந்துவிட்டன. மீளாத ஒருவரின் நினைவாற்றலாற் கைத்தொழில் வளர்ச்சிக்கு அடிகோலப் பெற்ற அந்நாடே, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின், தன்னிடம் பயில வருவோர் மீண்டே தீரவேண்டும் எனச் சட்டம் வகுத்தது.

போரின் பின் எழுந்த இயக்கங்கள்

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவின் ஆலைகளை மட்டுமன்றி, அவற்றை நடத்த வல்ல இளந்தலைமுறையையும் அழித்தது. போர் முடிந்தபின், நாடுகளுக்கிடையிற் பயிலுநரைப் பரிமாறும் எண்ணம் பல இடங்களில் ஒருங்கே தோன்றிற்று. 1948 ஆம் ஆண்டு சனவரியில், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஐரோப்பிய நாடுகள் பத்தின் பிரதிநிதிகள் கூடித் தொழினுட்ப மாணவரின் பயிற்சிப் பரிமாற்றத்துக்கென ஐயெஸ்ரே என்னும் சங்கத்தை நிறுவினர். அதே ஆண்டில், பொருளியலும் வாணிகமும் பயிலும் ஐரோப்பிய மாணவர் ஐசெக் என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தனர். விடுமுறைக் காலத்தில் ஒரு நாட்டு மாணவர் மற்றொரு நாட்டின் வணிக நிலையத்தில் ஊதியத்துடன் அமர்ந்து பயிலவும், அந்நாட்டு மாணவர் இங்கு வந்து அவ்வாறே பயிலவும் இவை வழி செய்தன. கொடுத்தலும் கொள்ளலும் ஒத்திருந்தமையே இவற்றின் சிறப்பு.

அரசுகளும் வாளாவிருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1946 ஆம் ஆண்டின் புல்பிறைற் சட்டம், போரில் எஞ்சிய பொருள்களைப் பிறநாடுகளில் விற்றுப் பெற்ற பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்கு ஆக்கிற்று. இலங்கையுடனான புல்பிறைற் உடன்படிக்கை 1952 ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் சிமித்–முண்ட் சட்டம் இன்னும் விரிந்தது. மாணவர், ஆசிரியர் ஆகியோருடன் பயிலுநரையும் அது பெயர் சுட்டிக் குறித்தது. மாசல் திட்டத்தின் கீழ், பிரித்தானிய முதலாளிகளும் தொழிலாளரும் குழுக்களாகச் சென்று அமெரிக்க ஆலைகளின் உற்பத்தி முறைகளைக் கண்டு வந்தனர். ஆசியாவில், 1950 ஆம் ஆண்டு சனவரியிற் கொழும்பிற் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டின் பயனாகக் கொழும்புத் திட்டம் எழுந்து, 1951 யூலை முதலாந் திகதி செயற்படத் தொடங்கிற்று. நிபுணரை அனுப்புதலும், பயிலுநரை ஏற்றலும் அதன் தொழினுட்ப ஒத்துழைப்பின் இரு கரங்களாயின. 1954 ஆம் ஆண்டில் யப்பானும் அதிற் சேர்ந்தது.

இத்தகைய பயணங்கள் குறுகியவாயினும், அவற்றின் பயன் சிறிதன்று. 1950 ஆம் ஆண்டில் எயிஜி டொயோடா என்பார் அமெரிக்கா சென்று, போட் கம்பனியின் பேராலையைச் சில வாரங்கள் கண்டு பயின்றார். தொழிலாளர் தம் வேலையைத் திருத்துதற்குரிய யோசனைகளை எழுதிக் கொடுக்கும் முறையொன்று அங்கு வழங்கிற்று. அதனைத் தழுவி, மறு ஆண்டே தம் கம்பனியில் அதுபோன்றதொரு முறை தொடங்கச் செய்தார். கண்டு மீண்டவருக்குத் தாம் கண்டதை ஆக்கிப் பார்க்கும் களமும் அதிகாரமும் ஊரிலே காத்திருந்தன என்பது ஈண்டு மறக்கற்பாலதன்று.

மீட்சிக் கடப்பாடு

அமெரிக்கச் சட்டத்திற் பயிலுநர்க்கு இரு வழிகள் அமைந்தன. 1952 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், கைத்தொழிற் பயிலுநர்க்கென எச்–3 எனப்படும் வீசாவை ஏற்படுத்திற்று. பரிமாற்றத் திட்டங்களின் வழி வந்தோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினருட் பலர், பயிற்சி முடிந்தும் ஊர் திரும்பாது அங்கேயே நிலைக்க வழி தேடினர். நட்புறவுக்கென வகுத்த திட்டம் வறிய நாடுகளின் அறிவாளரை ஈர்த்துக் கொள்ளும் கருவியாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. ஆதலின், 1956 ஆம் ஆண்டிற் புதிய விதி வந்தது. பரிமாற்றத்தின் வழி வந்தவர், குடியேறுவோராக மீண்டும் வர விரும்பின், முதலில் இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவுக்கு வெளியே வாழ்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

1961 ஆம் ஆண்டிற் சனாதிபதி கெனடி ஒப்பமிட்ட புல்பிறைற்–ஏயிசு சட்டம், சிதறிக் கிடந்த பரிமாற்றச் சட்டங்களை ஒன்றாக்கி, ஜே எனப்படும் தனி வீசாவை நிறுவிற்று. இன்று ஜே–1 என வழங்குவது அதுவே. மீட்சிக் கடப்பாடு இதனுள்ளும் தொடர்ந்தது. ஆயின், 1970 ஆம் ஆண்டின் திருத்தம் அதன் எல்லையைக் குறுக்கிற்று. அரசின் பணத்தால் வந்தவரையும், தாய்நாட்டுக்கு இன்றியமையாதவை எனப் பட்டியலிடப்பட்ட திறன்களை உடையவரையும் மட்டுமே அக்கடப்பாடு பிணித்தது. 1976 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டப்பின் பயிற்சிக்கு வருவோரும் இவர்களுடன் சேர்க்கப்பட்டனர். அதே 1970 ஆம் ஆண்டுச் சட்டமே, பன்னாட்டுக் கம்பனிகள் தம் அலுவலரை ஒரு நாட்டினின்றும் அமெரிக்காவுக்கு மாற்றுதற்கான எல் வீசாவையும் உண்டாக்கியது. வாணிக உலகின் தேவை பரிமாற்ற நோக்கத்தின் அருகே வந்து அமர்ந்தமைக்கு இஃது ஓர் அடையாளம். திறன்களின் பட்டியலும் நிலையாய் நின்றதன்று. 2024 டிசம்பரில் அது திருத்தப்பட்டபோது, இந்தியா, சீனா முதலிய நாடுகள் பல அதனின்றும் நீக்கப்பட்டன.

பயிற்சித் திட்டத்தின் அமைப்பு

ஜே–1 வீசாவின் கீழ்ப் பயிலுநரை ஏற்கும் முறை நுணுக்கமானது. வணிக நிலையம் ஒருவரை நேரே அழைத்துக்கொள்ள இயலாது. அமெரிக்க இராசாங்கத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற பொறுப்பு நிறுவனமொன்று இடைநின்று தகுதிச் சான்றுப் பத்திரத்தை வழங்கவேண்டும். அதன்பின்னரே தூதரகத்தில் வீசாவுக்கு விண்ணப்பித்தல் கூடும். 2007 ஆம் ஆண்டின் விதிகள், மாணவப் பருவத்தினரையும் அண்மையிற் பட்டம் பெற்றோரையும் பயிலுநரினின்றும் பிரித்து வேறு வகையாக்கின. இவ்விளையோர்க்கு எல்லை 12 மாதம். பயிலுநர்க்குப் பொதுவாக 18 மாதம். பயிலுநராவதற்குப் பிறநாட்டிற் பெற்ற பட்டமும் ஓராண்டுத் தொழிலனுபவமும், அல்லது ஐந்தாண்டுத் தொழிலனுபவம் வேண்டும்.

எழுத்து வடிவிலான பயிற்சித் திட்டமே இம்முறையின் உயிர்நாடி. எதனை, எவரிடம், எக்கட்டத்திற் கற்பது என்பது அதிற் குறிக்கப்பட்டுப் பயிலுநரும், பொறுப்பு நிறுவனமும், பயிற்சி தரும் நிலையமும் ஒப்பமிடுதல் வேண்டும். எழுதுவினைஞர் வேலை நூற்றுக்கு 20 பங்கினை மிஞ்சலாகாது. தனித்திறன் வேண்டாத உடலுழைப்புக்கு இடமில்லை. விடுதித் தொழிலில் ஆறு மாதத்துக்கு மேற் பயில்வோர் குறைந்தது மூன்று பகுதிகளில் மாறிமாறிப் பயிலவேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் ஒருவரின் இடத்தைப் பயிலுநரால் நிரப்புதலும் விலக்கப்பட்டுள்ளது.

பெயரும் பொருளும்

இத்துணை விதிகள் வகுக்கப்பட்டமையே பிறழ்ச்சி நேர்ந்தமைக்குச் சான்று. 1990 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம், ஜே வீசாவின் கீழ் நடைபெற்ற பயிற்சிகளுட் சில சட்டத்தின் கல்வி, பண்பாட்டு நோக்கத்துக்குப் பொருந்தாதவை என எடுத்துக் காட்டிற்று. 2005 ஆம் ஆண்டிலும் அவ்வலுவலகம், பயிலுநர் வகையிலும், கோடை விடுமுறையில் உழைத்துப் பயணஞ் செய்யும் மாணவர் வகையிலும் மேற்பார்வை போதாதென அறிவித்தது. அதன் விளைவு 2011 ஓகஸ்டில் உலகறிய வெளிப்பட்டது. பென்சில்வேனியா மாநிலத்தின் பால்மைராவில், கோடைத் திட்டத்தின் வழி வந்த பல நாட்டு மாணவர், இனிப்புப் பண்டங்களைப் பொதியிடும் பண்டகசாலையின் வேலையை விட்டு வெளிநடந்து கிளர்ச்சி செய்தனர். அமெரிக்கப் பண்பாட்டை அறிய வந்த தாம், பாரமான பெட்டிகளைச் சுமக்கவே வைக்கப்பட்டதாக அவர்கள் முறையிட்டனர். மறு ஆண்டில் திணைக்களம் அத்தகைய பண்டகசாலை வேலைகளை அத்திட்டத்தினின்றும் விலக்கியது.

யப்பானின் வரலாறு இதனினும் நீண்ட படிப்பினையைத் தருவது. அந்நாடு 1959 ஆம் ஆண்டிலேயே பிறநாட்டுத் தொழினுட்பவியலாளர்க்குப் பயிற்சியளிக்கும் சங்கமொன்றை நிறுவிப் பலருக்கும் நற்பயிற்சி வழங்கிற்று. பின்னர், 1993 ஆம் ஆண்டில், வளரும் நாடுகளுக்குத் திறனைக் கையளித்தல் என்னும் நோக்கம் கூறித் தொழினுட்பப் பயிலுநர் திட்டம் தொடங்கப்பட்டது. நடைமுறையிலோ, ஆட்குறைவால் வருந்திய சிறு ஆலைகளும் பண்ணைகளும் அத்திட்டத்தினாற் கைகளைப் பெற்றன. 2010 ஆம் ஆண்டின் சீர்திருத்தம் வரும்வரை, முதலாம் ஆண்டுப் பயிலுநர் தொழிலாளராகக் கொள்ளப்படாமையால், தொழிற் சட்டங்களின் காவல் அவர்க்குக் கிட்டவில்லை. பயிற்சி தந்த இடத்தை விட்டு வேறிடம் பெயரும் உரிமையும் பொதுவாக இருந்ததில்லை. 2024 யூனில் யப்பானியப் பாராளுமன்றம் அத்திட்டத்தை ஒழித்து, ஆட்தேவையை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் வேறொரு முறையை மூன்றாண்டுகளுள் நடைமுறைக்குக் கொணரச் சட்டம் இயற்றிற்று. உழைப்பை உழைப்பென்று பெயரிட்டு அழைக்க முப்பது ஆண்டுகள் சென்றன.

முடிவுரை

இவ்வரலாற்றினின்றும் இரு உண்மைகள் பெறப்படும். முதலாவது, மீட்சிக் கடப்பாடு மட்டும் பயிற்சியைப் பயிற்சியாக்காது என்பது. யப்பானின் திட்டத்தில், ஊர் திரும்புதல் தொடக்கத்திலேயே விதிக்கப்பட்டிருந்தது. எனினும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து மீண்டவர் கொண்டு வந்த திறன் யாது என்ற வினாவுக்கு விடை அரிதாயிற்று. மீள்பவர் ஏதேனும் கற்று மீளல் வேண்டும். கற்றதை ஆற்றுதற்குரிய களமும் அவர்க்கு ஊரிலே இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் வாய்த்தமையாலேயே, 1950 ஆம் ஆண்டின் சில வாரப் பயணம் பெரும்பயன் விளைத்தது.

இரண்டாவது, பயிலுநரின் கையிலுள்ள வலிய காவல் அவர் ஒப்பமிடும் பயிற்சித் திட்டமே என்பது. அதனை வெறும் படிவமாக எண்ணி ஒப்பமிடுபவர், தாம் மாணவரா, மலிந்த கூலிக்கு வந்த தொழிலாளரா என்பதை அங்குச் சென்ற பின்னரே அறிவர். கற்பிக்கப்படும் பொருள் யாது, கற்பிப்பவர் யார், எத்துணைக் காலம், எந்த ஊதியம் என்னும் நான்கினையும் புறப்படுமுன் வினவுதல் இளைஞரின் கடன். அவ்வாறு வினவக் கற்பித்தல் அவர்தம் ஆசிரியரின் கடன். மீண்டு வருவோரை ஏற்று, அவர் கற்றதற்கு இடமளித்தல் அவரை அனுப்பிய நாட்டின் கடன். இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதே பெரும்பாலும் மறக்கப்பட்டு வந்துள்ளது. அது மறக்கப்பட்ட நாடுகளில், சட்டத்தால் மீட்கப்பட்டவரும் மீண்டும் கப்பலேறும் நாளையே எண்ணியிருப்பர்.