ராமானுஜன் இல்லம், கும்பகோணம்

கணித மேதை சீனிவாச ராமானுஜன் (1887–1920) வளர்ந்த வீடு. தஞ்சாவூர் மாவட்டம் கும்பகோணத்தில், சாரங்கபாணி கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்துக்கு எதிரே நீளும் சன்னதித் தெருவில் இருக்கிறது. 2003 முதல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இதை நினைவில்லமாகப் பராமரித்துவருகிறது. காவிரிப் படுகையில் மரபுச் சின்னம் என்றதும் கோயில்களும் தஞ்சை அரண்மனையும் நினைவுக்கு வரும். ஒரு துணிக்கடைக் கணக்கர் குடும்பத்தின் சிறிய ஓட்டு வீடு அந்த வரிசையில் இடம்பெற்றது அபூர்வம். இந்த வீட்டின் பெருமையும் அதுதான்.

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். அதன்பின் தாயார் கோமளத்தம்மாள் கைக்குழந்தையோடு கும்பகோணம் திரும்பினார். தந்தை சீனிவாச ஐயங்காரின் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியதில் கொஞ்சம் வந்தது. அரசுக் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டதில் இன்னும் கொஞ்சம். வறுமைக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் கணிதத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. டவுன் உயர்நிலைப் பள்ளிச் சிறுவன் அந்த மாணவர்களிடம் கேட்டுக் கேட்டே, அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கற்றுத் தீர்த்துவிட்டான். லோனியின் திரிகோணமிதி நூலும் அவனுக்குக் கிடைத்தது. 1903 வாக்கில், ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் நிரூபணம் இல்லாமலே அடுக்கிய ஜி. எஸ். காரின் தொகுப்பு கைக்கு வந்தது. 1904-ல் உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கைவிட்டதால் அந்தத் தொகையை இழந்தார். காகிதம் வாங்கக் காசில்லாத காலத்தில், திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். அந்த நோட்டுகளின் பல முடிவுகளுக்கு நிரூபணம் கண்டுபிடிக்கக் கணிதவியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் உழைத்தார்கள்.

வீட்டின் அமைப்பு, தஞ்சைத் தரணி அக்கிரகார வீட்டின் எளிய வடிவம்: தெருவில் திண்ணை, உள்ளே கூடம், பின்னால் சமையலறை, கொல்லையில் கிணறு. முன்பக்கச் சிற்றறையில் தெருவைப் பார்த்த ஜன்னலும், அதையொட்டி ஒரு கட்டிலும் இருக்கின்றன. அறைக்குள் நின்று பார்த்தால், அதில் ஒரு கட்டிலும் ஆள் நடமாடச் சிறிது இடமும் தவிர வேறெதற்கும் இடமில்லை என்பது புரியும். கூடத்தில் இப்போது ராமானுஜனின் மார்பளவுச் சிலை இருக்கிறது.

இந்த எளிமைக்கு நேரெதிரான ஒரு வீட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ராமானுஜன் பிறந்த அதே 1887-ல் இங்கிலாந்தில், வுல்வர்ஹாம்ப்டன் அருகே, வண்ணப்பூச்சுத் தொழிலதிபர் தியோடர் மாண்டர் தம் குடும்பத்துக்கு விட்விக் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். கறுத்த மரச்சட்டங்களும் வெள்ளைப் பூச்சும் கொண்டு டியூடர் காலத்தைத் திரும்ப நிகழ்த்திய பாணி அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்ப வீடுகள்வரை அது பரவியது. இலங்கையில் 1894-ல் கட்டிய நுவரெலியா தபால் நிலையத்திலும் அதைக் காணலாம். விட்விக் மாளிகைக்கு ஐம்பது வயதே ஆகியிருந்த 1937-ல், இங்கிலாந்தின் மரபிடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. அங்கே மதிப்பு பெற்றது பாணியும் அலங்காரமும். கும்பகோணம் வீட்டில் அப்படிச் சொல்ல எதுவுமில்லை. இங்கே மதிப்பு, வீட்டின் அளவிலும் அதில் நடந்த வாழ்க்கையிலும் இருக்கிறது. திண்ணையை இடித்துப் பளிங்கு மண்டபம் எழுப்பியிருந்தால் ராமானுஜனுக்கு மரியாதை செய்ததாகத் தோன்றியிருக்கும், சாட்சியம் போயிருக்கும்.

2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வீட்டை வாங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2005 முதல் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசு ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. ராமானுஜன் மறைந்த வயதை ஒட்டி, பெறுபவருக்கு 32 வயதுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. முதல் ஆண்டில் மஞ்சுல் பார்கவாவும் கண்ணன் சவுந்தரராஜனும் பெற்றார்கள். பார்கவா, அக்‌ஷய் வெங்கடேஷ், பீட்டர் ஷோல்ஸ், மரினா வியாசோவ்ஸ்கா ஆகியோர் இந்தப் பரிசுக்குப் பிறகு ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றவர்கள்.

எல்லா வீடுகளுக்கும் இந்த யோகம் வாய்க்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து 1903-ல் சென்னைக்கு மாறிய உ.வே. சாமிநாதையர் அங்கே வாழ்ந்த திருவட்டீசுவரன்பேட்டை வீடு 2012-ல் இடிக்கப்பட்டது. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தொன்மைச் சின்னத்துக்குக் குறைந்தது நூறு வயது கேட்கிறது. ஆனால் வயது ஆகிவிட்டதாலேயே ஒரு வீட்டுக்குக் காப்பு வந்துவிடுவதில்லை.

டெல்டாவின் அக்கிரகாரங்களிலிருந்து குடும்பங்கள் நிலத்தை விற்றுச் சென்னைக்கும் அதைத் தாண்டியும் போய்விட்டன. பழைய வீடுகள் கைமாறுகின்றன, திண்ணைகள் கடைகளாகின்றன. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, தாழ்ந்த கூரைகள் தெரு நெடுகத் தொடரும்படி கட்டப்பட்டவை இந்தத் தெருக்கள். பக்கத்து மனையில் மாடிக் கட்டடம் எழும்பினால் இடையிலுள்ள வீட்டின் வெளிச்சம் குறையும், சுவர் பலவீனப்படும். ஆகவே ராமானுஜன் இல்லத்தை மட்டும் காப்பது பாதி வேலை. சன்னதித் தெருவில் எஞ்சியிருக்கும் திண்ணை வீடுகளுக்கும் கட்டட உயரக் கட்டுப்பாடும், ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் உரிமையாளர்களுக்கு உதவித்தொகையும் தேவைப்படுகின்றன.