துப்பாக்கியோடு வந்த வெளியூர்க்காரன் - கருங்குழிப் பக்கத்து வரலாறு

அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கியை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாம். சட்டம் தடுக்காது. ஆனால் பார்க்கிறவன் வயிறு கலங்காமல் இருக்குமா? உடனே 911-க்கு போன் போட்டுவிடுவான். ஒஹையோ மாநிலமும் அப்படிப்பட்ட மாநிலம்தான். 2014 ஆகஸ்டில் அங்கே ஒரு வால்மார்ட் கடையில், அலமாரியில் விற்பனைக்கு இருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனில் பேசியபடி நடந்தார் 22 வயது கறுப்பின இளைஞர் ஒருவர். யாரோ போலீசைக் கூப்பிட்டார்கள். வந்த போலீஸ் சுட்டது. அவர் இறந்துபோனார்.

"அதெல்லாம் அமெரிக்காவுல, நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? நமக்கும் உண்டு. துப்பாக்கியோடு வருகிற அந்நியனை என்ன செய்வது என்ற கேள்வி நம் செங்கல்பட்டுச் சீமைக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு.

கருங்குழிக் கோட்டை

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில், மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால் வருவது கருங்குழி. (வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வேறு, அது வடலூர் பக்கம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இன்று பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத ஊர். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே ஒரு முக்கியமான கோட்டை இருந்தது. கர்நாடகப் போர்களில் கைமாறிக்கொண்டே இருந்த கோட்டை அது. 1780-ல் ஹைதர் அலியின் படை இந்தச் சீமை முழுவதும் பாய்ந்தது. 1781 ஜனவரியில் கும்பினிப் படை கருங்குழிக் கோட்டையைப் பிடித்தது. நடுவில் மாட்டிக்கொண்ட குடியானவர்களின் ஊர்கள் எரிந்தன, ஏரிகள் பாழாயின, ஜனங்கள் ஓடிப்போனார்கள்.

ஆக, இந்தப் பகுதி ஜனங்களுக்கு ஆயுதத்தோடு வருகிற அந்நியன் என்றால் என்ன அர்த்தம் என்று நன்றாகவே தெரியும்.

அதற்குப் பின் 1794-ல் இங்கே கலெக்டராக வந்தவர் லியோனல் பிளேஸ். 1798 வரை இருந்தார். அந்தக் காலத்தில் கலெக்டரின் தலைமையிடம் கருங்குழிதான். மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கதையில் வரும் துரை இவரேதான். அடைமழை இரவில் ஏரிக்கரை உடையுமோ என்று பார்க்கப் போனவர், வில்லும் அம்புமாய் இரண்டு பேர் கரையைக் காவல் காப்பதைக் கண்டார் என்பது கதை. ராமரும் லட்சுமணரும்! அந்தக் கோயிலில் பிளேஸ் பெயர் பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். ராத்திரி நேரத்தில் ஆயுதத்தோடு நின்ற இரண்டு அந்நியர்களைப் பார்த்து அந்தத் துரை சிப்பாய்களைக் கூப்பிடவில்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். கரையைக் காக்கிறார்கள் என்று தெரிந்ததும் கை கூப்பினார்.

வேடந்தாங்கல் புகார்

இனி கதை அல்ல, வரலாறு. கருங்குழியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது வேடந்தாங்கல். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், வக்கா என்று வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து அங்குள்ள ஏரியில் கூடு கட்டும். அவற்றின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் போட வேண்டியதில்லை. ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு எந்த விஞ்ஞானியும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

அந்த ஏரிக்குக் கும்பினிச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பொழுதுபோக்காகப் பறவைகளைச் சுட ஆரம்பித்தார்கள். ஊர் ஜனங்கள் திரண்டு போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் பிளேஸ் அவர்களுக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். இந்த ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக் கூடாது, பார்த்துக்கொள்ளும் உரிமை ஊராருடையது என்பது அதன் சாரம். 1858-ல் அந்த உரிமை மறுபடியும் உறுதி செய்யப்பட்டது. 1936-ல் சரணாலயம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி தூக்கியவன் ஆளுகிறவனுடைய ஆள். புகார் கொடுப்பவன் மண்வெட்டி பிடிக்கிற குடியானவன். போர் முடிந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. இருந்தும் போய்ச் சொன்னார்கள். "இவன் யாரோ எவனோ" என்று அவர்கள் சொல்லவில்லை. "எங்கள் ஏரியில் சுடுகிறான், எங்கள் பயிருக்குக் கேடு" என்று சொன்னார்கள். புகார் ஆள் மேல் இல்லை, செயல் மேல்.

சட்டம் தலைகீழான கதை

அடுத்த நூறு வருஷத்தில் எல்லாம் தலைகீழானது. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் எட்வர்ட் கிளைவ் போட்ட பிரகடனம் தெற்குச் சீமையில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878-ல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்றது. ஐரோப்பியர்களுக்கோ விலக்கு! ஒரே துப்பாக்கிதான். ஒருவர் தோளில் இருந்தால் ஷிகார், இன்னொருவர் தோளில் இருந்தால் குற்றம்.

அதோடு 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தாலே சந்தேகம். ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், வந்தால் ஆஜராக வேண்டும். சந்தேகத்துக்குரிய வெளியாள் ஊர் வழியாகப் போனால் தகவல் கொடுப்பது கிராம அதிகாரியின் கடமை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொன்னது. 1980-ல் கிராம முன்சீப் பதவி ஒழிந்தது, ஆனால் அந்தக் கடமை ஒழியவில்லை. 1973-ம் வருஷத்துச் சட்டத்தின் 40-வது பிரிவில்கூட 'தக்' என்ற பழைய வழிப்பறிக் கூட்டத்தின் பெயர் அப்படியே இருந்தது! குற்றப் பரம்பரைச் சட்டம் 1952 ஆகஸ்ட் 31-ல் நாடு முழுவதும் ரத்தானது. மனசிலிருந்து ரத்தானதா என்பதுதான் கேள்வி.

நாட்டுத் துப்பாக்கி

நம் ஊரில் எல்லோர் கண்ணிலும் படும்படி துப்பாக்கியோடு நடந்தவர்கள் யார்? போலீஸ், பேங்க் வாசல் காவலாளி, இவர்களை விட்டால் நரிக்குறவர்கள்தான். குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி அவர்களுடையது. குருவி, கொக்கு, நரி என்று வேட்டையாடிப் பிழைத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைத் தொழில் போனது. பாசிமணியும் ஊசியும் மிச்சமாயின. துப்பாக்கி போன பிறகும் சந்தேகம் போகவில்லை. ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் பார்ப்பது பஸ் ஸ்டாண்ட் ஓரத்துக் கூடாரத்தைத்தான். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கேட்டு, 2023-ல்தான் அது கிடைத்தது.

இதைக் குடகோடு ஒப்பிடுங்கள். கொடவர்களுக்கு ஆங்கிலேயர் கொடுத்த ஆயுத லைசென்ஸ் விலக்கு இன்னும் தொடர்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூஜை போடுவார்கள், அது பெருமை. நரிக்குறவன் தோளில் இருந்தால் மட்டும் "ஸ்டேஷனுக்குச் சொல்லு".

2018

வெறும் சந்தேகம் எங்கே போய் முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம், வாட்ஸப்பில் குழந்தை கடத்தல் வதந்தி. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே சமயம் பழவேற்காட்டிலும் ஓர் அப்பாவி கொல்லப்பட்டார். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, கத்திகூட இல்லை. வெளியூர்க்காரர்கள் என்பதுதான் குற்றம்.

போலீசுக்குச் சொல்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. போளூரில் யாராவது முதலிலேயே 100-க்கு போன் செய்து, கூட்டமும் ஒதுங்கி நின்றிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பார். ஆனால் ஒஹையோவில் போன் செய்ததால்தான் ஒருவர் செத்தார். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? போனில் என்ன சொல்கிறோம் என்பதில். "ஒரு மாதிரி ஆள் வந்திருக்கான்" என்பது புகார் இல்லை, நம் பயம். "அவன் இன்ன இடத்தில் இன்னதைச் செய்கிறான்" என்பதுதான் புகார்.

1798-ல் எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள்கூட அந்த இரண்டாவது வகைப் புகாரைத்தான் கருங்குழித் துரையிடம் கொண்டு போயிருப்பார்கள். அதனால்தான் இன்றைக்கும் அந்த ஏரியில் நாரை வந்து இறங்குகிறது. கையில் செல்போன் இருக்கிற நாம் எந்த வகை? நீங்களே சொல்லுங்கள்.