வில்லியம் பூத்தின் தீப்பெட்டி பிறந்த கதை

தீப்பெட்டியின் இரு பக்கமும் இருக்கும் பழுப்புப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ் பூசியிருக்கிறது. குச்சித் தலையிலுள்ள மருந்து அந்தப் பட்டையில் உரசினால்தான் பற்றும். இந்த ஏற்பாட்டை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சுவீடன்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் அதன் பிறகு அரை நூற்றாண்டுக் காலம், செய்பவரின் உயிரைக் குடிக்கும் வேறொரு தீக்குச்சிதான் கடைகளில் அதிகம் விற்றது. அது மலிவு என்பதே காரணம். அந்த மலிவை எதிர்த்து 1891இல் லண்டனில் ஒரு தீப்பெட்டி பிறந்தது. அதைப் பிறப்பித்தவர் முதலாளியும் அல்லர், விஞ்ஞானியும் அல்லர். தெருவில் நின்று சுவிசேஷம் சொன்ன ஒரு பிரசங்கியார்.

வில்லியம் பூத் 1829இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தார். தந்தை தொழிலில் நொடித்துப்போனதால், 13 வயதுப் பையனை அடகுக்கடையில் வேலை பழக அனுப்பினார்கள். போர்வையும் பாத்திரமும் போட்டிருக்கும் கோட்டும் அடகுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு வறுமையைப் பற்றி வேறு பாடம் தேவைப்படவில்லை. இளம்வயதிலேயே மெதடிஸ்ட் சபையில் மனந்திரும்பிப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். 1855இல் கேதரின் மம்ஃபோர்டை மணந்தார். கேதரினும் பிரசங்க மேடை ஏறியவர். பெண்கள் பிரசங்கிக்கலாமா என்று சபைகள் முகம்சுளித்த காலத்தில் அந்த உரிமைக்காக எழுதவும் செய்தார்.

1865இல் இருவரும் கிழக்கு லண்டனில் ஊழியம் தொடங்கினார்கள். துறைமுகக் கூலிகளும் தையல் வேலைக்காரிகளும் குடிகாரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. அந்த ஊழியமே 1878இல் இரட்சணிய சேனை என்று பெயர் பெற்றது. பட்டாளத்தைப் போலச் சீருடை, கொடி, பேண்டு வாத்தியம், பதவிப் பெயர்கள் எல்லாம் வந்தன. பூத் ‘ஜெனரல்’ ஆனார். தெருவில் அழுகிய காய்களும் கற்களும் சேனையினர் மேல் விழுந்தன, அவர்கள் பின்வாங்கவில்லை.

பசியோடு நிற்பவனிடம் பரலோகத்தைப் பற்றி மட்டும் பேச முடியாது என்பது பூத்துக்கு ஆண்டுக்கு ஆண்டு உறுதிப்பட்டது. 1890இல் ‘இருண்ட இங்கிலாந்தும் அதிலிருந்து மீளும் வழியும்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஸ்டான்லி என்ற பயணி ஆப்பிரிக்கக் காடுகளை இருண்ட தேசம் என்று எழுதி உலகையே பேசவைத்த ஆண்டு அது. அந்த இருட்டு நம் தலைநகரிலேயே இருக்கிறது என்றார் பூத். வண்டிக் குதிரை விழுந்தால் தூக்கிவிடுகிறோம், அதற்குத் தீனியும் தங்குமிடமும் வேலையும் தருகிறோம். மனிதனுக்கும் குறைந்தது அவ்வளவு கிடைக்க வேண்டாமா என்பதுதான் அவர் வாதம். வேலைவாய்ப்பு நிலையம், பண்ணைக் குடியிருப்பு, தங்கும் விடுதி என்று திட்டம் திட்டமாக அடுக்கினார். புத்தகம் வந்த அதே அக்டோபரில் கேதரின் புற்றுநோயால் இறந்தார். துக்கத்தோடே பூத் திட்டங்களில் இறங்கினார். அவற்றில் ஒன்றுதான் தீப்பெட்டி.

அப்போது மலிவுத் தீக்குச்சிகளின் தலையில் வெண் பாஸ்பரஸ் இருந்தது. எந்தச் சொரசொரப்பான இடத்தில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். ஆனால் மருந்து முக்கும் கூடத்தில் எழும் ஆவியைச் சுவாசித்த பெண்களுக்கு முதலில் பல்வலி வரும். பிறகு ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். கடைசியில் தாடையெலும்பே அழுகும். பலருக்குத் தாடையை அறுத்தெடுப்பதைத் தவிர வழியில்லை. பலர் இறந்தார்கள்.

1888 ஜூலையில் கிழக்கு லண்டனின் பிரையன்ட் அண்ட் மே ஆலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்னி பெசன்ட் எழுதிய கட்டுரை அவர்கள் நிலையை முன்பே ஊருக்குச் சொல்லியிருந்தது. அபராதப் பிடித்தம் ஒழிந்தது, சங்கம் பிறந்தது. அந்தப் பெண்களின் துணிச்சல் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. ஆனால் வெண் பாஸ்பரஸ் ஆலையை விட்டுப் போகவில்லை. வெளியே, ஒற்றை அறை வீடுகளில் தாயும் பிள்ளைகளும் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசையும் கட்டுக்கயிறும் அவர்கள் செலவு. ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி ஒட்டினால் இரண்டு பென்னிக்குச் சற்று மேல் கிடைத்தது.

பூத் 1891 மே மாதம் கிழக்கு லண்டனின் ஓல்டு ஃபோர்டு பகுதியில் சேனையின் சொந்தத் தீப்பெட்டி ஆலையைத் திறந்தார். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள கட்டடம். வேலைக்காரர்கள் தேநீர் போட்டுக்கொள்ளவும் வசதி இருந்தது. வெண் பாஸ்பரஸுக்கு உள்ளே இடமில்லை, சிவப்பு மட்டும்தான். கூலி குரோசுக்கு நான்கு பென்னி. பெட்டிக்குப் பெயர் ‘இருண்ட இங்கிலாந்தில் வெளிச்சம்’. நியாயமான கூலி கொடுத்துச் செய்த குச்சி என்பதை மேலட்டையே சொன்னது. ஆலை சிறியது; வேலை செய்தவர்கள் நூறு பேருக்குச் சற்று மேல்தான். ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் பெட்டிகள் வெளிவந்தன.

பூத் அதோடு நிற்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பத்திரிகையாளர்களையும் அழைத்துவந்து ஆலையைச் சுற்றிக் காட்டச் செய்தார். பிறகு அவர்களைப் பக்கத்துத் தெருக்களில் பெட்டி ஒட்டிப் பிழைக்கும் வீடுகளுக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர், பாதுகாப்பான தீக்குச்சி செய்வது கட்டுப்படியாகாது என்று எப்படிச் சொல்வார்? சேனையின் நண்பர்களுக்கும் ஒரு வேலை தரப்பட்டது: கடைக்குக் கடை போய் இந்தப் பெட்டி இருக்கிறதா என்று விடாமல் கேட்பது.

வியாபாரத்தில் அந்தப் பெட்டி வெல்லவில்லை. மற்றதைவிட விலை கூடுதல். பட்டையில் மட்டுமே பற்றும் குச்சியைப் பழக்கமில்லாதவர்கள் தொந்தரவாக நினைத்தார்கள். வெளிநாட்டு மலிவுச் சரக்கும் வந்து குவிந்தது. பத்தாண்டுக்குப் பிறகு, 1901இல் சேனை அந்தத் தொழிலைக் கைவிட்டது.

ஆனால் அதற்குள் நிலைமை மாறியிருந்தது. தொழிலாளர்கள் நோயுற்றதை அரசுக்குத் தெரிவிக்காத குற்றத்துக்காக 1898இல் பிரையன்ட் அண்ட் மே நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தது. தொகை வெறும் 25 பவுண்டு 9 ஷில்லிங்; நிறுவனத்துக்கு ஏற்பட்ட அவமானம் அதைவிடப் பல மடங்கு. 1901இல் அந்த நிறுவனம் வெண் பாஸ்பரஸைக் கைவிட்டது. 1906இல் பெர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் தடை ஒப்பந்தம் செய்தன. பிரிட்டன் 1908இல் சட்டம் இயற்றி 1910இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்தது.

அந்தத் தடை வந்த பிறகுதான், சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பிள்ளைகளை வேலைக்கு வைத்த கொடுமையோடு அந்த வட்டாரம் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஆனால் தாடையை அழுகவைத்த விஷம் அவர்கள் பட்டறைக்குள் நுழைவதற்கு முன்பே சட்டம் கதவடைத்திருந்தது. 

பூத் 1912இல் இறந்தபோது பார்வையையும் இழந்திருந்தார். அவர் செய்தவற்றுள் மிகச் சிறியது இந்தத் தீப்பெட்டிதான். என் மனத்தில் மிக உயர்ந்து நிற்பதும் இதுதான். அநியாயத்தைக் கண்டித்துப் பிரசங்கம் செய்வது அவருக்கு எளிது. அதைவிட அரிய காரியத்தைச் செய்தார்: நியாயமாகவும் செய்ய முடியும் என்று செய்தே காட்டினார். பெட்டி நஷ்டப்பட்டது, ஆனால் அது சொன்ன நியாயம் நாடுகளின் சட்டமாகிவிட்டது.

நாம் ஆலை திறக்க வேண்டியதில்லை. கடையில் மிக மலிவான ஒன்றைக் கையில் எடுக்கும்போது, இதைச் செய்தவருக்கு என்ன கூலி, அவர் உடம்புக்கு என்ன கேடு என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.