மாத்தளை இளவரசனும் அவன் தாயும்

மாத்தளையை ஆண்ட விஜயபாலன் என்னும் இளவரசனை நம்மிற் பலர் அறிந்திருக்க மாட்டோம். இரண்டாம் இராஜசிங்கனின் சகோதரனாகிய இவன், பிரான்சிஸ்கன் துறவி ஒருவரிடம் போர்த்துக்கேய மொழி பயின்றவன். அவர்தம் வாழ்க்கை முறையில் மிக்க நாட்டம் கொண்டவன். 1638இல் கன்னொறுவையில் அதே போர்த்துக்கேயரைச் சகோதரனோடு நின்று எதிர்த்தான். பின்னர் சகோதரனோடு பகைத்து அவர்களிடமே அடைக்கலம் புகுந்தான். ஞானஸ்நானம் பெற்று, 1654இல் கோவாவில் மறைந்தான்.

இந்த இரட்டை மனத்தின் வேரை அவனுடைய தாய் குசுமாசனா தேவியின் கதையில் தேடலாம்.

கண்டி மன்னன் கரலியத்த பண்டாரன், சீதாவாக்கை இராஜசிங்கனுக்கு அஞ்சித் திருகோணமலைக்கு ஓடி, அங்கே அம்மை நோயால் இறந்தான். அவனுடைய சிறுமகளைப் போர்த்துக்கேயர் மன்னாரில் வளர்த்து, தோனா கதரினா எனப் பெயரிட்டனர். 1594இல் பேத்ரோ லோபஸ் தெ சௌசாவின் படை அவளைக் கண்டிக்கு அழைத்துச் சென்று முடிசூட்டியது. அப்படை தந்துறையில் அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்து தன் அரசுரிமையை உறுதியாக்கிக் கொண்டான்.

இதைக் காதற்கதையாகச் சொல்லிவிட ஆசை எழுகிறது. அவனும் ஒருகாலத்தில் ஞானஸ்நானம் பெற்று, கோவாவில் வாழ்ந்தவன்தானே! 1602இல் கண்டிக்கு வந்த ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் ஸ்பில்பேர்கன், அரசியும் பிள்ளைகளும் ஐரோப்பிய உடையில் இருந்ததைக் கண்டு எழுதியுள்ளார். அரசி தான் வளர்ந்த வாழ்வை முற்றாகத் துறக்கவில்லை, கணவனும் தடுக்கவில்லை. அங்கே அன்பு முளைத்திருக்கலாம். ஆனால் 1604இல் அவன் இறந்ததும், துறவாடை களைந்து அரியணை ஏறிய செனரத் அவளை மணந்தான். முடிக்குரியவளை மணப்பவனே முடிக்குரியவன் என்ற கணக்கு அது. 1613இல் அவள் மறைந்தாள்.

நம் புறநானூற்றில் மகட்பாற்காஞ்சி என்றொரு துறை உண்டு. பெண் கேட்டு வேந்தன் வருவான், தந்தை மறுப்பான், ஊர் அழியும். அங்கேயும் அந்தப் பெண்ணின் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை. குசுமாசனாவுக்கோ மறுத்துச் சொல்லத் தந்தையும் இல்லை.

போர்க்காலத் திருமணங்களைக் காதல் என்று பாடுமுன் அந்தப் பெண்ணிடம் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும். கேட்கப்படாத அந்தச் சொல்தான், இரண்டு உலகங்களுக்கிடையே அலைந்த மாத்தளை இளவரசனின் வாழ்வாக நீண்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.