பீட்டரின் அம்மா

1924-இல் அமெரிக்க உளவியல் இதழ் ஒன்றில் வெளியான கட்டுரையில் ஓர் அம்மா வருகிறார். பெயர் கிடையாது, சில வரிகள்தான். சட்டென்று உணர்ச்சிவசப்படுகிறவர், எவ்வளவு சின்ன சந்திப்பாக இருந்தாலும் அழாமல் முடிக்கத் தெரியாதவர், மகனை அடக்குவதற்கு யாரோ உன்னைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயங்காட்டுகிறவர். நம்ம ஊரில் ‘பூச்சாண்டி வர்றான், உள்ள வா’ என்பதன் நியூயார்க் வடிவம்.

கட்டுரையை எழுதியவர் மேரி கவர் ஜோன்ஸ். மகன் பெயர் பீட்டர், வயது இரண்டே முக்காலுக்கு மேல். குழந்தையின் பயத்தைப் படிப்படியாகக் குறைக்க முடியும் என்று பரிசோதனையில் காட்டிய ஆரம்பகாலக் கதை இது. இன்று சிபிடி என்று சுருக்கிச் சொல்கிற அறிதல் நடத்தைச் சிகிச்சையின் வரலாற்றை யார் எழுதினாலும் பீட்டரின் முயலைத் தாண்டிப் போக மாட்டார்கள். நான் முயலைத் தேடித்தான் போனேன், ஆனால் அந்த அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. என் மகளுக்கு ஐந்து வயது, நாய் என்றால் உடம்பு விறைத்துப்போகும். பள்ளி வேனுக்கு நடக்கிற நூறடி தூரத்துக்குள் இரண்டு முறை தூக்கச் சொல்லுவாள். வயிற்றுவலி என்று பள்ளிக்கு லீவு போட ஆரம்பித்த பிறகு ஓர் உளவியலாளரிடம் போனோம். அவர் குழந்தையிடம் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நாய் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“தூக்கிப்பேன்.”

“அப்புறம்?”

“ரோட்டை கிராஸ் பண்ணிடுவேன். இப்பல்லாம் அந்தத் தெரு வழியாவே போறதில்ல.”

அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அடுத்த ஆறு அமர்வுகளில் நான்குக்குப் பெற்றோர் மட்டும் வந்தால் போதும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயப்படுவது அவள், சிகிச்சை எனக்கா? இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தில் தொடங்கியது.

முன்னால் போய்ப் பார்த்தால், குழந்தையின் பயத்தைப் பற்றிய புகழ்பெற்ற முதல் சிகிச்சைக் கதையிலேயே பெற்றோர்தான் சிகிச்சையாளர். 1909-இல் ஃபிராய்டு வெளியிட்ட ‘குட்டி ஹான்ஸ்’ கதை. வியன்னாவில் ஐந்து வயதுப் பையன், குதிரைகளுக்குப் பயந்து தெருவுக்கே வர மாட்டேன் என்கிறான். அவனோடு பேசி, குறிப்பெடுத்து, ஃபிராய்டுக்கு அனுப்பியவர் இசை விமர்சகரான அவன் அப்பா மாக்ஸ் கிராஃப். சிகிச்சைக் காலத்தில் ஃபிராய்டு பையனை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. வண்டிக்குதிரை ஒன்று கீழே விழுந்ததைப் பையன் பார்த்திருந்தான், அதற்குப் பிறகே பயம் முற்றியது. ஆனால் ஃபிராய்டுக்குக் குதிரை என்பது அப்பா. பையன் பின்னாளில் பெரிய ஓபெரா இயக்குநர் ஆனான். அவன் பயம் தீர்ந்தது விளக்கத்தாலா, வளர்ந்ததாலா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், அதற்குள் நாம் போக வேண்டாம்.

அடுத்த குழந்தை ஆல்பர்ட். 1920, ஜான்ஸ் ஹாப்கின்ஸ். ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் பதினொரு மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடப்போகும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். குழந்தை எலிக்குப் பயந்தது, பிறகு முயலுக்கும் நாய்க்கும் பயந்தது. பயத்தை உண்டாக்க முடியும் என்று நிரூபித்தாயிற்று. நீக்கும் வழிகளைத் தாளில் எழுதினார்கள், செய்து பார்க்கவில்லை. அதற்குள் ஆல்பர்ட் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டான். அவன் அம்மா அங்கேயே பிற குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கொடுக்கும் வேலையில் இருந்தவர். அவரைப் பற்றிக் கட்டுரையில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மேரி கவர் ஜோன்ஸ் ரெய்னரின் கல்லூரித் தோழி. பயத்தை உருவாக்க முடிந்தால் அழிக்கவும் முடியுமே என்பதுதான் அவர் கேள்வி. நியூயார்க்கில், தற்காலிகமாகக் குழந்தைகளைத் தங்கவைத்திருந்த ஓர் இல்லத்தில் எழுபது குழந்தைகளைக் கவனித்தார். நாம் வீட்டில் செய்கிற எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கிறார். பயந்த பொருளைக் கொஞ்ச நாள் கண்ணில் காட்டாமல் இருந்தார், பயம் போகவில்லை. முயலைப் பற்றி நல்லவிதமாகப் பேசிப் பார்த்தார், குழந்தை நன்றாகப் பேசியது, முயலைக் கண்டதும் அழுதது. மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் சரியாகுமா என்று பார்த்தார், பயம் கூடத்தான் செய்தது. சந்தேகமில்லாமல் பலித்தவை இரண்டு: பயப்படாத குழந்தைகள் அந்த முயலோடு விளையாடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது, பிடித்த தின்பண்டம் சாப்பிடும்போது முயலைத் தூரத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குவது.

பீட்டருக்கு இரண்டும் நடந்தன. வெள்ளை எலி, முயல், ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு என எல்லாமே அவனுக்குப் பயம். முதலில் மற்ற பிள்ளைகளோடு விளையாட்டு, நன்றாக முன்னேறினான். நடுவில் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் மருத்துவமனை. திரும்பி வருகிற வழியில் ஒரு பெரிய நாய் பாய்ந்தது, எல்லாம் பழையபடி. பிறகுதான் உயர நாற்காலியும் தின்பண்டமும் கூண்டும். அறையின் கோடியில் கூண்டு இருந்தாலே அலறியவன், கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்க விட்டான். கூண்டு எத்தனை அடி நகரலாம் என்பதைத் தீர்மானித்தது பீட்டரின் முகம். அவசரப்பட்டால் முயல்மேலிருந்த பயம் சாப்பாட்டின்மேல் ஏறிவிடும் என்று ஜோன்ஸ் தெரிந்தே வைத்திருந்தார். இன்று எந்தச் சிகிச்சை அறையிலும் ‘ஏணி’ என்று வரைகிற தாள் இதுதான்.

சிகிச்சை முடிந்து பீட்டர் வீட்டுக்குப் போனான், அழுகிற அந்த அம்மாவிடமே. முயலுக்கு அத்தனை படிகள் வைத்த ஜோன்ஸ் அம்மாவுக்கு ஒரு படியும் வைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலம் அப்படி. வாட்சன் 1928-இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல், பிள்ளைகளைக் கட்டியணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்றது. அம்மாவின் பாசமே நோய் என்கிற குரல் அது. என் கோபத்துக்கு நூறு வயது என்று அப்போதுதான் புரிந்தது.

ஜோன்ஸைப் பிறகு பல வருடம் மறந்தே போனார்கள். ஜோசப் வோல்பே 1950-களில் பெரியவர்களின் பயத்துக்குப் படிப்படியான முறையை உருவாக்கிய பின்பே அவரை இந்தத் துறையின் தாய் என்று அழைத்தார்கள். ஆரோன் பெக் 1960-களில் எண்ணங்களைச் சோதிக்கும் பாதியைக் கொண்டுவந்தார். இரண்டையும் சேர்த்துக் குழந்தைகளுக்கான பதினாறு அமர்வுப் பாடமாக்கியவர் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்த ஃபிலிப் கெண்டல். பாடத்தின் நாயகன் ஒரு பூனை. 1994-இல் வந்த அவருடைய ஆய்வில் 9 முதல் 13 வயதுவரையான 47 பிள்ளைகள் இருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு முதலில் கண்டறிந்த பதற்றக் கோளாறு முடிவில் இல்லை.

ஆனால் அது ஒன்பது வயது. ‘உன் மனசுல இப்ப என்ன எண்ணம் ஓடுது, அதுக்கு ஆதாரம் என்ன’ என்று நாலு வயதுக் குழந்தையிடம் கேட்டால், ‘பிஸ்கட்’ என்று பதில் வரும். சின்னப் பிள்ளைக்கு எண்ணம் தனியாகத் தலைக்குள் இருப்பதில்லை, அம்மாவின் இடுப்பிலும் அப்பாவின் தோளிலும் இருக்கிறது.

இதைச் சோதனையில் பிடித்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். பவுலா பாரெட், மார்க் டாட்ஸ், ரொனால்ட் ரேப்பீ குழுவின் 1996 ஆய்வு ஒன்றை மூன்று முறை படித்தேன். பிள்ளைகளிடம் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு காட்சியைச் சொல்கிறார்கள்: சில பிள்ளைகள் விளையாடுகிறார்கள், நீ சேர்ந்துகொள்ளப் போகிறாய், அவர்கள் சிரிக்கிறார்கள். நீ என்ன செய்வாய்? பிள்ளை பதில் சொல்கிறது. பிறகு பெற்றோரோடு உட்கார்ந்து சில நிமிடம் பேசவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்கள். பதற்றமுள்ள பிள்ளைகள், பெற்றோரோடு பேசிய பிறகு, ‘போக மாட்டேன்’ என்ற பக்கம் இன்னும் சாய்ந்தார்கள். கெட்ட பெற்றோர் யாருமில்லை அங்கே. ‘உனக்குக் கஷ்டமா இருந்தா விட்டுடும்மா’ என்று சொல்லியிருப்பார்கள், நான் சொல்வது போல.

அதே ஆண்டு அதே குழு, பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை, குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை என்று ஒப்பிட்டது. கோளாறு நீங்கியவர்கள் முதல் வகையில் 57 சதவீதம், இரண்டாம் வகையில் 84. இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. எனக்கு அது ஆறுதல். பெற்றோர் சரியில்லையென்றால் பிள்ளை அவ்வளவுதான் என்பதும் உண்மையில்லை.

இன்னும் சின்ன வயதுக்குப் போனால் கணக்கு மாறுகிறது. ரேப்பீயின் 2005 ஆய்வில் மூன்று, நான்கு வயதுக் கூச்சப் பிள்ளைகள் 146 பேர். பிள்ளைகளைத் தொடவே இல்லை, பெற்றோருக்கு ஆறு வகுப்பு மட்டும். ஒரு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளுக்குப் பதற்றக் கோளாறுகள் குறைவாக இருந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் பள்ளி வயதுப் பிள்ளைகள் 124 பேரிடம் இதையே நேருக்கு நேர் வைத்தார்: பாதிப் பேருக்கு வழக்கமான சிபிடி, மீதிப் பேரின் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. 2020-இல் அச்சான முடிவு: பெற்றோரை மட்டும் பார்த்தது சிபிடிக்குக் குறையவில்லை.

லெபோவிட்ஸ் பெற்றோரிடம் கேட்பது இரண்டுதான். பயத்துக்காக வீடு எங்கெல்லாம் வளைந்திருக்கிறதோ அதில் ஒன்றை நிமிர்த்துங்கள். நிமிர்த்துவதற்கு முன் பிள்ளையிடம், உனக்குப் பயமா இருக்குன்னு தெரியும், உன்னால தாங்க முடியும்னும் தெரியும் என்கிற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பாதியை மட்டும் நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அவள் அப்பா இரண்டாம் பாதியை மட்டும் சொல்லுவார், அதட்டலாக. மாற்றச் சொல்வது பிள்ளையை இல்லை, பெற்றோர் தங்கள் கையில் இருப்பதை. வாட்சன் பாசத்தைக் குறைக்கச் சொன்னார், இவர் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் குறைக்கச் சொல்கிறார். இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் நான் அன்று கோபப்பட்டேன்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. கூண்டு முயல் வேறு, நம் தெருநாய் வேறு. வெறிநாய்க்கடிக்கு ஆட்கள் சாகிற ஊரில் பயமே போய்விட்டால் எப்படி? இரண்டாவது அமர்வில் கேட்டேன்.

“தெருநாயைத் தடவச் சொல்லலைங்க. எதைப் பார்த்து ஒதுங்கணும், எதைப் பார்த்துட்டு நடக்கணும்னு அவளுக்குத் தெரியணும். இப்ப எல்லாத்துக்கும் நீங்க ஒதுங்குறீங்க.”

எங்கள் ஏணியில் எட்டுப் படி. பால்கனியிலிருந்து நாய் பார்ப்பது முதல் படி. கேட்டுக்கு உள்ளே நின்று, எதிர்வீட்டில் கட்டிப்போட்டிருக்கும் டாமியைப் பார்ப்பது மூன்றாவது. நாலு நாளாக மூன்றிலேயே இருக்கிறோம். அவள் என் சுடிதார் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள். தூக்கு என்று கேட்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நேற்று மாமியார் உள்ளேயிருந்து, “வாடி உள்ள, நாய்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்” என்று கூப்பிட்டார். அத்தையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பீட்டரின் அம்மா ஞாபகம் வந்தது. “ரெண்டு நிமிஷம் அத்தே, நீங்களும் வந்து உட்காருங்க” என்றேன். முட்டி வலி என்று முனகிக்கொண்டே வந்து படியில் உட்கார்ந்தார். டாமி ஒரு தடவை குரைத்தது. துப்பட்டா இறுகியது.