எண்ணைப் பிரித்துப் பெருக்குதல்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் மாலை வேளைகளில் ஒரு சங்கடம் நேர்வதுண்டு. பள்ளியில் வேற்று மொழியில் வாய்பாடு கற்ற குழந்தையிடம், பதின்மூன்றைப் பன்னிரண்டால் பெருக்கினால் எவ்வளவு என்று நாம் தமிழில் கேட்கிறோம். குழந்தை திகைக்கிறது. பிறகு பன்னிரண்டைப் பத்தும் இரண்டுமாகப் பிரித்து, 130-உம் 26-உம் சேர்ந்து 156 என்கிறது. வாய்பாடு வராமையால் கைக்கொண்ட குறுக்குவழி என்று நாம் கடிந்துகொள்கிறோம். அது முறைதானா?

குழந்தை கண்ட வழி நம் நாட்டில் மிகப் பழமையானது. 628-ஆம் ஆண்டில் பிரமகுப்தர் இயற்றிய பிராமஸ்புட சித்தாந்தத்திலேயே, பெருக்கும் எண்ணைக் கூறுகளாக்கும் முறை காணப்படுகின்றது. 1150-இல் பாஸ்கராசாரியர் அருளிய லீலாவதி அதனை மேலும் விளக்குகின்றது.

135-ஐ 12-ஆல் பெருக்குக என்பது அந்நூலில் வரும் கணக்கு. ஆசிரியர் ஒரே வழியுடன் அமையவில்லை. பன்னிரண்டை எட்டும் நான்குமாகப் பிரித்தால் 1080, 540, கூட்டினால் 1620. பன்னிரண்டு என்பது மூன்று நான்கு ஆதலின், முதலில் நான்கால் பெருக்கி 540 பெற்று, அதனை மூன்றால் பெருக்கினும் 1620. பத்தால் பெருக்கி, இரு மடங்கைச் சேர்த்தாலும் அதுவே. இருபதால் பெருக்கி, எட்டு மடங்கைக் கழித்தாலும் அதுவே. வழி எதுவாயினும் விடை மாறாது என்னும் உண்மையை மாணாக்கன் தானே கண்டு தெளிகிறான்.

இந்நூலை அக்பர் அவைக் கவிஞர் பைஸி 1587-இல் பாரசீகத்தில் பெயர்த்தார். 1817-இல் கோல்புரூக் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மொழிகள் மாறின, கணக்கின் நியாயம் மாறவில்லை.

மனனம் வேண்டா என்பது நம் கருத்தன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உருப்போட்ட முன்னோர் கணக்கில் வல்லவராயிருந்தனர். ஆயினும் மறந்த வாய்பாட்டை மீட்டுத் தருவது இப்பிரிக்கும் திறனே. அதற்குத் தமிழ் எண்ணுப் பெயர்கள் பெருந்துணை. இந்தியில் 57-ஐச் ‘சத்தாவன்’ என்பர்; அதில் ஐம்பது எது, ஏழு எது என்று குழந்தைக்கு எளிதில் விளங்காது. ‘ஐம்பத்தேழு’ என்னும்போதோ எண் தானே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஆகவே நம் குழந்தை எந்த மொழியில் வாய்பாடு கற்பினும் கவலை வேண்டா. நாளை மாலை அது எண்ணை உடைக்கக் கண்டால் கடிந்துகொள்ளாமல், வேறு விதமாகவும் உடைக்கலாமா என்று தமிழில் கேட்போம். கணக்கும் வளரும், வீட்டில் தாய்மொழியும் நிலைக்கும்.